ஆயாவின் சாம்பிராணி டப்பா

கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை. சாட்ஸ்வொர்த்தில் மாமனார் வீடு. விளக்கேற்றும் நேரம். என் கணவரின் பாட்டி பின்கட்டில் கொட்டாங்கச்சியைக் கொளுத்தித் தணலாக்கி, அதை மண் தூபக்காலில் கொட்டி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அந்த வீட்டில் எல்லோரும் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து எனக்கும் அவர் ஆயாதான். சாமி அலமாரிக்குக் கீழே இருந்த தகர டப்பாவைக் காட்டி, “அந்தச் சாம்ராணிய எடு கண்ணு” என்றார்.

மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் என் கை அப்படியே நின்றுவிட்டது. மயிலாடுதுறையில் என் அம்மாவைப் பெற்ற தாத்தா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போய் உட்காருவேன். கடுக்காயும் வசம்பும் அதிமதுரமும் ஒன்றாகக் கலந்த அந்தக் கடையில், மேல்தட்டில் மூன்று பீங்கான் ஜாடிகள் மட்டும் தனியாக இருக்கும். பிசின் ஜாடிகள். எண்ணெய்ப்பிசுக்குக் கையோடு அவற்றைத் தொட்டால் தாத்தா திட்டுவார். கடல் தாண்டி வந்து, யாரையும் தெரியாத ஒரு வீட்டில், அந்த மூன்று ஜாடிகளின் வாசனையும் ஒரே டப்பாவிலிருந்து வந்தது.

மூன்றும் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று வெளிர் மஞ்சளாக, கண்ணாடிச் சில்லு போல ஒளி ஊடுருவும் துண்டுகள். இன்னொன்று செம்பழுப்புக் கட்டி, உடைத்த இடத்தில் பாதாம் பருப்பைப் பதித்தது போல வெள்ளைத் திட்டுகள். மூன்றாவது கரும்பழுப்பில் கோணல்மாணலாக, பட்டைச் சிராயும் தூசியும் ஒட்டிக்கொண்டு, விரலில் பட்டால் விடாத பிசுபிசுப்போடு இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டேன். சூட்டில் இளகியது. சந்தேகமே இல்லை.

“ஆயா, இது சாம்பிராணி இல்ல. இது குக்குலு. மருந்து.”

“எல்லாம் சாம்ராணிதான் கண்ணு. நெருப்புல போட்டா பொகையுதா இல்லியா?”

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அது என்னவென்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

ஆயா பிறந்தது டர்பனின் மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில். நகராட்சியில் கூலி வேலை பார்த்த தமிழரும் தெலுங்கரும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம். இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்த பிறகு, 1960-களில், அங்கிருந்தவர்களைக் கிளப்பிக் கொண்டுவந்து சாட்ஸ்வொர்த்தில் விட்டார்கள். அவருடைய பாட்டன் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மெட்ராஸிலிருந்து 342 பேரோடு வந்த ட்ரூரோதான் முதல் கப்பல். 1911 வரை அப்படிக் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. வந்தவர்கள் தூபக்காலை மறக்காமல் கொண்டுவந்தார்கள். அதில் போடுகிற பொருள்தான் எப்போதும் கைக்கு எட்டவில்லை. 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தையே நிறுத்திக்கொண்டது. நிறவெறிக்கு எதிராக ஒரு நாடு எடுத்த முதல் பெரிய நடவடிக்கை அது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் ஆயா அதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தவர். “ஊரு சாமான் எதுவும் நேரா வராது. கிரே ஸ்ட்ரீட்டுல குஜராத்திக் கடையில எப்பவாச்சும் ஒரு பொட்டணம் கெடைக்கும். இன்னான்னு கேக்க மாட்டோம். சாம்ராணின்னு வாங்கிப்போம்.”

அப்படிக் கிடைத்ததையெல்லாம் போட்டு வைத்த டப்பா அது. ஐம்பது அறுபது வருஷத்துப் பொட்டணங்கள்.

அந்த மூன்றையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழிலேயே இந்தப் பெயர்கள் குழம்பிக் கிடக்கின்றன. வெள்ளைத் திட்டு உள்ளதுதான் கல் சாம்பிராணி. அது நம் ஊர்ச் சரக்கே கிடையாது. சுமத்ராக் காட்டு மரத்தின் பால். நம் வீடுகளில் தலைக்கு ஊற்றிய குழந்தையின் ஈர முடிக்குப் புகை காட்டுகிறோமே, அந்த வாசனையும் கப்பலேறி வந்ததுதான். இப்போது ஊரில் பெட்டி பெட்டியாக விற்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணியில் அது எவ்வளவு இருக்கிறது என்று வாசனையே சொல்லிவிடும். கண்ணாடிச் சில்லு போல இருப்பது வெள்ளைக் குங்கிலியம், வட இந்தியக் காடுகளின் சால மரத்துப் பிசின். தாத்தா அதை நல்லெண்ணெயில் இளக்கித் தண்ணீரில் ஊற்றிக் கையால் அளைந்து அளைந்து கழுவுவார். கழுவக் கழுவ வெளுத்து வெண்ணெயாகத் திரளும். குங்கிலிய வெண்ணெய். சுட்ட புண்ணுக்குப் போடுவது. தண்ணீரை மாற்றிக் கொடுப்பது என் வேலை. எத்தனை தடவை மாற்றினோம் என்று எண்ணிச் சொல்ல வேண்டும், தப்பினால் மறுபடி முதலிலிருந்து.

பிசுபிசுப்பான மூன்றாவதுதான் குக்குலு. தமிழ் மருத்துவர்கள் மைசாட்சிக் குங்கிலியம் என்பார்கள். மகிஷாக்ஷம் என்ற வடசொல்தான் அப்படி ஆனது. எருமைக் கண் என்று பொருள். கடையில் நல்ல துண்டு ஒன்றை உடைத்து வெயிலில் காட்டினால், அந்தக் கரும்பழுப்பும் ஈரப் பளபளப்பும் எருமையின் கண்ணேதான். பெயர் வைத்தவன் மாடு மேய்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். பழைய ஆயுர்வேத நூல்கள் குக்குலுவை நிறம் பார்த்து ஐந்தாகப் பிரித்து, முதல் இரண்டு யானைக்கு, அடுத்த இரண்டு குதிரைக்கு, பொன்னிறமானது மனிதருக்கு என்று வகுத்திருக்கின்றன. எருமைக் கண்ணும் மனிதருக்கு ஆகும் என்று சிலர் சொல்வதாக ஒரு குறிப்பும் உண்டு. புதிய குக்குலு உடம்பைத் தேற்றும், பழையது உடம்பைச் சுரண்டி இளைக்க வைக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதாவது ஒரே சரக்குக்கு வயதைப் பொறுத்துக் குணம் மாறும். ஆயாவின் டப்பாவில் கிடந்ததற்கு என்ன வயது என்று யாருக்குத் தெரியும்!

மறுநாள் காலை ஆயாவுக்குத் தாத்தாவின் சோதனையைச் செய்து காட்டினேன். இரண்டு கண்ணாடி டம்ளரில் வெந்நீர். ஒன்றில் வெள்ளைக் குங்கிலியம். அது கல்லாட்டம் அடியில் கிடந்தது. மற்றதில் குக்குலு. முதலில் விளிம்பு மட்டும் மங்கியது. கரண்டியால் கலக்க, புகை இறங்குவது போல வெள்ளை வெள்ளையாக இழை பிரிந்து, கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்கத் திரிந்த பால் நிறம். வெயிலில் இளகும், நெருப்பில் எரியும், வெந்நீரில் பாலாகும், இதுதான் நல்ல குக்குலு. பழைய சுலோகத்தில் இருப்பதைத் தாத்தா தமிழில் பாட்டு மாதிரி சொல்வார். ஆயா டம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இத்தினி வருசம் பாலைத்தான் நெருப்புல போட்டுக்கினு இருந்தேனா?” என்றார். அதில் வருத்தம் இருந்தது. எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

அப்போதுதான் அவருக்குக் கலயநாயனார் கதையைச் சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து திருக்கடையூர் கூப்பிடு தூரம் மாதிரிதான். அந்தத் திருக்கடவூரில் கலயர் என்றொருவர். கோயிலில் தினமும் குங்கிலியப் புகை போடுவதே அவர் தொண்டு. வறுமை முற்றி வீட்டில் உலை வைக்க வழியில்லாதபோது மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கிவரச் சொல்கிறாள். வழியில் ஒரு வணிகன் குங்கிலியப் பொதியோடு வருகிறான். நெல்லை மறந்து, தாலியைக் கொடுத்துக் குங்கிலியத்தை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்விடுகிறார். வீட்டில் பிள்ளைகள் பசியோடு தூங்கிப்போகிறார்கள். அன்றிரவு வீடு நிறைய நெல்லும் பொன்னும் வந்து குவிந்ததாகக் கதை முடிகிறது. சின்ன வயதில் எனக்கு அந்த மனைவிக்காகத்தான் கோபம் வரும். இப்போதும் வருகிறது. ஆனால் கதைக்குள் ஒரு செய்தி இருக்கிறது. குங்கிலியம் அன்றைக்கு வணிகன் பொதி சுமந்து கொண்டுவருகிற சரக்கு, ஒரு தாலிப் பொன்னுக்கு ஈடானது. காவிரிக் கரையில் விளைந்ததாக இருந்தால் அந்த விலை வைத்திருக்க முடியாது. கலயர் வாங்கியது சாலப் பிசினா குக்குலுவா என்று யாராலும் சொல்ல முடியாது. குங்கிலியம் என்ற சொல்லே குக்குலுவிலிருந்து வந்ததுதான், பிறகு எல்லாப் பிசினுக்கும் பொதுவாகிவிட்டது.

ஆயா கதையைக் கேட்டுவிட்டு, “வெளியூருச் சரக்குக்குத் தாலி போச்சா? எங்கம்மாகூடத் தோட்டத்துல வளையல வித்துச் சூடம் வாங்கியிருக்குது” என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

இதெல்லாம் இனிப்பான பகுதி. இதன் விளைவுதான் கசந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, 64 வயது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் கொழுப்பும் மூன்றும் உண்டு. டர்பன் இந்தியர் வீடுகளில் இது புதிதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் மாத்திரைப் பெட்டி இருக்கும். மாமாவின் அண்ணன் இருவரும் இதயக் கோளாறில் அறுபதைத் தாண்டாமல் போனவர்கள். நான் டம்ளரில் பால் காட்டிய கதையும், தாத்தா கடைக் கதையும், குக்குலு கொழுப்பைக் கரைக்கும் என்று பழைய நூல் சொல்வதும் சாப்பாட்டு நேரத்தில் பலமுறை பேசியிருக்கிறோம். பெருமையாகப் பேசினது நான்தான். மாமா யாரிடமும் சொல்லாமல் இணையத்தில் குக்குலுச் சாறு என்று போட்ட மாத்திரைக் குப்பிகளை வரவழைத்து, கொழுப்பைக் குறைக்க டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டு, அதைத் தின்ன ஆரம்பித்திருக்கிறார்.

ஆறாவது வாரம் இரண்டு முழங்கையிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. அத்தை சோப்பை மாற்றினார். சலவைத் தூளை மாற்றினார். இரவெல்லாம் சொறிந்து சொறிந்து சட்டையில் ரத்தம். அதே வாரம் ரத்தப் பரிசோதனை. இங்கே மில்லிமோல் கணக்கு. மூன்றுக்குக் கீழே இருந்த கெட்ட கொழுப்பு 4.8 ஆகியிருந்தது. டாக்டர் வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு மாமா இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான் துணி மடிக்கும்போது அலமாரியில் குப்பியைப் பார்த்தேன். கையில் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

“நம்ம பெரியவங்க மருந்துதானே? உன் தாத்தா கடையில வித்ததுதானே? அதுல என்ன கெடுதல் வரும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோபமில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. எனக்கும் அந்த நிமிஷத்தில் பதில் தெரியவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. வாசனை தெரியும், பெயர் தெரியும், கதை தெரியும். மருந்து தெரியாமலே மருந்துக்கடைக்காரர் பேத்தி என்று பெருமை பேசியிருக்கிறேன்.

மறுநாள் மாமாவைக் கூட்டிக்கொண்டு குப்பியோடு டாக்டரிடம் போனோம். மாத்திரையை நிறுத்தியதும் பத்து நாளில் தடிப்பு அடங்கியது. பழைய மாத்திரைக்குத் திரும்பினார். டாக்டர் எங்களைத் திட்டவில்லை. இன்னொரு விஷயம் மட்டும் சொன்னார். புரோப்ரனோலால், டில்டியாசெம் போன்ற ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் உடம்பில் ஏறுவதைக் குக்குலு குறைத்துவிடும், அதனால் இரண்டையும் சேர்த்துத் தின்னுகிறவருக்குக் கொதிப்பு அடங்காமல் போகலாம் என்று. மாமா தின்பது அவற்றில் ஒன்று.

பிறகு நான் உட்கார்ந்து படித்தேன். குக்குலுவைப் பற்றிய இன்றைய ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர் ஒரு பெண் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஜி. வி. சத்யவதி. 1966-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில், ஆயுர்வேத ஆசான் சுசுருதர் சொன்ன மேதோரோகம், அதாவது கொழுப்பு மிகுதியால் வரும் நோய், குக்குலுவில் அடங்குமா என்று முயல்களை வைத்து ஆராய்ந்து ஆய்வேடு எழுதினார். பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். ஒரு பழைய சுலோகத்தை வெறுமனே போற்றாமல் அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று துணிந்த மனுஷி. அந்த வழியில்தான் லக்னோவில் குக்குலுவிலிருந்து குகுலிப்பிட் என்ற சாறு எடுத்து 1980-களில் கொழுப்பு மருந்தாக இந்தியச் சந்தைக்கு வந்தது. இந்தியாவில் நடந்த சோதனைகள் கொழுப்புக் குறைந்ததாகவே சொல்லின. 2003-இல் அமெரிக்காவில் 103 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்ததில் முடிவு தலைகீழாக வந்தது. சாறு தின்றவர்களுக்குக் கெட்ட கொழுப்பு நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஏறியது. வெறும் மாவு மாத்திரை தின்றவர்களுக்கு ஐந்து பங்கு இறங்கியது. சாறு தின்றவர்களில் ஆறு பேருக்கு உடம்பில் தடிப்பு. மாமாவின் முழங்கைதான் எனக்குக் கண்முன் வந்தது.

அதற்காக நான் குக்குலுவைக் கைவிடவில்லை. எனக்கு வந்த கேள்வி வேறு. ஒரு கரைப்பானில் போட்டுப் பிரித்தெடுத்த சாறும், தாத்தா கொடுத்த குக்குலுவும் ஒன்றுதானா? மயிலாடுதுறையில் கடையை இப்போது நடத்துவது என் தாய்மாமா. போனில் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு குரலே மாறிவிட்டது.

“பாப்பா, பச்சைக் குங்கிலியத்தை யாராவது திம்பாங்களா? சுத்தி பண்ணாத சரக்கு விஷத்துக்குச் சமம்னு தாத்தா சொல்லுவாரே, மறந்துட்டியா? சுத்தி பண்ணினாலும் தனியாக் குடுக்க மாட்டோம். ஆளைப் பார்த்து, வயித்தைப் பார்த்து, கூட என்னென்ன சேக்கணுமோ சேத்துத்தான் லேகியமோ மாத்திரையோ. கர்ப்பிணிக்குக் கிட்டயே கொண்டு போகக் கூடாது. பேரக் கேட்டு வாங்கற மருந்து இல்ல இது.”

சுத்தி, அதாவது சரக்கைச் சுத்தம் செய்யும் முறையைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை எங்கள் சமையலறையில் செய்தும் பார்த்தேன். தின்ன இல்லை, பார்க்க. மாமாவையும் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிமுள்ளி மூன்றையும் ஒன்றிரண்டாக இடித்துக் கொதிக்க வைத்து வடித்த கஷாயம், ஒரு பாத்திரம் நிறைய. குக்குலுவைச் சின்னச் சின்னதாக உடைத்து, கண்ணுக்குத் தெரிந்த பட்டையையும் கல்லையும் பொறுக்கிவிட்டு, வெள்ளைத் துணியில் தளர்வாகக் கிழி கட்டி, பாத்திரத்துக்குக் குறுக்கே ஒரு கரண்டிக் காம்பை வைத்து அதில் தொங்கவிட்டேன். கிழி அடியில் தொடாமல் கஷாயத்தில் மூழ்கி நிற்க வேண்டும். சிறு தீ. கால் மணி நேரத்தில் கிழியைச் சுற்றிக் கஷாயம் கலங்க ஆரம்பித்தது. அவ்வப்போது கரண்டியால் கிழியை அழுத்திக் கொடுக்க, துணியின் நெசவு வழியாகப் பிசின் ஒழுகி இறங்கியது. வீடு முழுக்கக் கோயில் கர்ப்பகிருகமும் மருந்துக் கடையும் கலந்த வாசனை. ஆயா கட்டிலிலிருந்து எழுந்து வந்து கதவருகே நின்றுகொண்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் கிழியைத் தூக்கித் தட்டில் அவிழ்த்தேன்.

துணியில் மிஞ்சியது ஒரு கைப்பிடி. பட்டைத் துணுக்கு, முள், மணல், ஆட்டு மயிர் மாதிரி ஏதோ இரண்டு இழை, கரையவே கரையாத கறுப்புக் கசடு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை விரலால் கிளறிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

இறங்கின கஷாயத்தைச் சுண்டக் காய்ச்சி, நெய் தடவிய தட்டில் ஊற்றி, வெயிலில் காயவைத்து, பிறகு கல்வத்தில் போட்டு நெய் விட்டு விட்டு இடித்தால்தான் குக்குலு மருந்துச் சரக்காகும். சரக்குதான், இன்னும் மருந்தில்லை. அதற்குப் பிறகுதான் திரிபலா குக்குலுவோ யோகராஜ குக்குலுவோ அந்தந்தப் பாகப்படி கூடும். நான் காயவைப்பதோடு நிறுத்திவிட்டேன். இடிக்கிற கை எனக்கு இல்லை. இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த யாரிடமும் இல்லை. கப்பலில் வந்தவர்கள் புகையைக் கொண்டுவந்தார்கள், அது தலைமுறை தாண்டி நிற்கிறது. பக்குவம் வரவில்லை. அது கூலிக்காரர் பெட்டியில் அடங்குகிற சாமான் இல்லை. வைத்தியர் வீட்டில், பத்து வருஷம் கூட இருந்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொள்கிற கைப்பழக்கம். அந்த இடைவெளிக்குள்தான் குப்பியில் அடைத்த மாத்திரைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன, நம் தாத்தாக்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு. எனக்கு அந்த வியாபாரத்தின் மேல் கோபம் தீரவில்லை. சுத்தி செய்ததா, எவ்வளவு காலச் சரக்கு, எந்த மாத்திரையோடு சேராது, ஒரு வரி கிடையாது குப்பியில்.

இப்படியே சில மாதம் போனது. ஒருநாள் ஷால்கிராஸில் ஆயாவின் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். பின்பக்கச் சரிவில் வேலியோரம் ஒரு மரம். மே மாதம். இலை மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தது. அடிமரத்தில் செம்பு நிறத்தில் பட்டை காகிதம் போலச் சுருண்டு உரிந்து நிற்க, உரிந்த இடத்தில் பச்சை. கிட்டே போய் அந்தக் காகிதத்தை ஒரு விரலால் தொட்டேன். இதே மாதிரி உரிகிற பட்டையைத் தாத்தா கடைக் குக்குலுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்குகளில் எத்தனை முறை பொறுக்கியிருக்கிறேன்! பக்கத்து வீட்டு அண்ணன், மரங்களைப் பற்றி நிறையத் தெரிந்தவர், பெயர் சொன்னார். கொம்மிஃபோரா ஹார்வீயி. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இந்த இனத்துக்கே கன்னிடூட் என்று பெயர். சாக முடியாதது என்று அர்த்தம். கிளையை ஒடித்து வேலிக் கம்பாக நட்டால்கூட வேர் விட்டுத் துளிர்த்துவிடுமாம்.

குக்குலு கொம்மிஃபோரா வைட்டீயி. ஒரே குடும்பம். பைபிளில் ஞானிகள் கொண்டுபோன வெள்ளைப்போளமும் இதே இனத்து மரத்தின் பிசின்தான். எங்கள் தெருவில் பாதிப் பேர் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், அவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்களுக்கும் ஒரே சந்தோஷம்.

ஆனால் அண்ணன் சாக முடியாதது என்று சொன்னபோது எனக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. அதன் கூடப்பிறந்த குக்குலு மரம் செத்துக்கொண்டிருக்கிறது. கட்ச், ராஜஸ்தான், சிந்து போன்ற வறண்ட நிலங்களில் வளர்கிற முள் செடி அது. ஆளுயரம் இரண்டு இருந்தால் அதிகம். பிசின் கொடுக்கிற பருவத்துக்கு வர எட்டுப் பத்து வருஷமாகும். பனிக்காலத்தில் பட்டையை மெல்லக் கீறிவிட்டால் கோடை வருவதற்குள் சொட்டுச் சொட்டாகக் கசிந்து உறையும். நல்ல செடி ஒரு பருவத்துக்கு அரைக் கிலோ தந்தால் பெரிது. பொறுமையாகக் கீறினால் செடி பிழைத்துக்கொள்ளும். அவசரக்காரர்கள் ஆழமாக வெட்டி, பிசின் பெருகுவதற்காக ரசாயனத்தைத் தடவுகிறார்கள். அந்த ஒரு பருவம் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டுச் செடி பட்டுப்போய்விடும். இன்று அது மிக மோசமான அழிவின் விளிம்பில் உள்ள செடிகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. மாமா வாங்கிய நான்கு குப்பிக்காக எத்தனை கீறல் என்று கணக்குப் போட முயன்றேன். முடியவில்லை. ஷால்கிராஸ் மரத்தை நான் கீறிப் பார்க்கவில்லை. கை போனது, எடுத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் வார்விக் மூலிகைச் சந்தையில் வண்டியை நிறுத்தினோம். ஆயாவுக்கு அங்கே போவதென்றால் பிடிக்கும். ஜூலுப் பெண்கள் தரையில் வேரும் பட்டையும் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். சாம்பல் பச்சைக் கட்டுகளாக இம்பெப்போ இருக்கும். முன்னோரிடம் பேசுவதற்கு முன் அதைக் கொளுத்திப் புகையவிடுவது அவர்கள் வழக்கம். ஒரு அம்மா, ஆயா வயதுதான் இருக்கும், ஒரு கட்டு எடுத்து ஆயாவின் மூக்கருகே நீட்டினார். ஆயா முகர்ந்துவிட்டு ஜூலுவில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னீர்கள் என்று வண்டியில் கேட்டேன். “எங்க வூட்டுலயும் பெரியவங்க பொகையிலதான் வராங்கன்னு சொன்னேன்.”

அதர்வ வேதத்தில் குக்குலுவுக்கு ஒரு பாட்டு உண்டு. குக்குலுவின் நறும்புகை எவனை எட்டுகிறதோ அவனை நோய் நெருங்காது, அது சிந்துவிலிருந்து வந்ததானாலும் சரி, கடலிலிருந்து வந்ததானாலும் சரி என்று. அன்று ஆயா நெருப்பில் போட்டால் புகைகிறதா இல்லையா என்று கேட்டாரே, அதன் நியாயம் எனக்கு இதைப் படித்தபோதுதான் புரிந்தது. அவருக்கு அது வாய்க்குப் போகிற பொருளே இல்லை. அவர் அம்மாவும் அதைத் தின்றதில்லை, பாட்டியும் தின்றதில்லை. தெரியாத சரக்கை நெருப்போடு நிறுத்திக்கொண்டார்கள். தெரிந்த மாதிரி பேசினதெல்லாம் நான்தான்.

போன வெள்ளிக்கிழமை டப்பாவைத் தரையில் கொட்டி, நானும் ஆயாவும் என் மகளுமாக உட்கார்ந்து பிரித்தோம். மகளுக்கு ஏழு வயது. கண்ணாடிச் சில்லு ஒரு பக்கம், பாதாம் கட்டி ஒரு பக்கம், எருமைக் கண் ஒரு பக்கம். ஆயாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனால் உள்ளங்கையில் வைத்து மூடித் திறந்து, எது இளகுகிறது என்று பார்த்தே சரியாகச் சொன்னார். ஊறுகாய்ப் புட்டி மூன்றைக் கழுவிக் காயவைத்திருந்தேன். துண்டுத் தாளில் பெயர் எழுதி ஒட்டினேன். சாம்பிராணி. வெள்ளைக் குங்கிலியம். மூன்றாவதில் குக்குலு என்று எழுதி, அதன் கீழே, புகைக்கு மட்டும், தின்னக் கூடாது என்று எழுதினேன்.

ஆயா தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மகளைக் காட்டி, “அதுக்குக் கீழ இங்கிலீசுலயும் எழுதிடு கண்ணு. இதுக்கு இன்னும் தமிழு படிக்க வரல இல்ல” என்றார்.